அரிசிக்குள் வைத்த குப்பி

மூக்கம்மாள் வீட்டில் அரிசி எடுப்பவர்கள் கையை மெதுவாகத்தான் விட வேண்டும். டிரம்முக்கு நடுவே, அரிசிக்குள், ஒரு பழைய காலுறையில் சுற்றி அவள் மகன் சதீஷின் இன்சுலின் குப்பி இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அது அங்கேதான் இருந்தது.

மூணாறுக்கு மேலே, தேயிலை முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் அவர்கள் லயம். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறாவது வீட்டில் தும்முவார்கள். மூக்கம்மாள் கொழுந்து எடுக்கிறவள். புருஷன் செல்லத்துரை தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்தவள் மோனிஷா. அவளுக்கு ஐந்து வயது இளையவன் சதீஷ்.

சதீஷுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை அல்ல, மக்களே. அவன் உடம்பில் இன்சுலின் ஊறுவதே நின்றுபோயிற்று. காலை ஒரு ஊசி, மாலை ஒரு ஊசி. விட்டால் உயிருக்கு ஆகாது. குப்பியைக் கையில் கொடுத்த நர்ஸ், வெயில் படக்கூடாது, உறையவும் கூடாது, வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டா என்று கேட்டாள். லயத்தில் அப்போது யார் வீட்டில் ஃப்ரிட்ஜ்?

"கொழுந்து மாதிரித்தான்" என்றாள் மூக்கம்மாள். "வெயிலுக்கும் சாவும், பனிக்கும் சாவும்."

அந்த மேட்டில் ஜனவரியில் உறைபனி விழும். காலையில் பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் இருக்கும். வெயில் ஏறியதும் பனிபட்ட தேயிலை, யாரோ தீ வைத்ததுபோல் கருகிக் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் யோசித்துக் கண்டுபிடித்த இடம்தான் அரிசி டிரம். உள்ளே சூடும் போகாது, குளிரும் போகாது.

பிள்ளைக்குப் பதினோரு வயதானபோது, சித்திரையில் கோயில் கொடைக்காக எல்லோரும் சங்கரன்கோவில் பக்கம் அவர்கள் பூர்வீக ஊருக்குப் போனார்கள். பத்து மணி நேரப் பஸ். குப்பி ஜன்னலோரப் பையில் இருந்தது. ஊரில் நாலு நாள் ஊசி போட்டும் பிள்ளை துவண்டு துவண்டு விழுந்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கண் செருகிக் கிடந்தவனைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்கிறது. நீங்கள் இவனுக்கு நாலு நாளாக வெறும் தண்ணீரைத்தான் போட்டிருக்கிறீர்கள்."

அவன் பிழைத்தான். கட்டில் காலடியில் நின்றிருந்த பதினாறு வயது மோனிஷா மட்டும் அந்த வார்த்தையைக் கீழே போடவே இல்லை. வெயிலில் கெடாத இன்சுலின் ஒன்று ஏன் இல்லை?

அந்தக் கேள்வியோடு பாலக்காட்டில் உயிர்வேதியியல் படித்தாள். பெங்களூரில் ஆராய்ச்சி முடித்தாள். அங்கேயே ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள். பதினோரு வருஷம் அவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

லீவுக்கு வரும்போது தம்பிக்குப் பாசிமணிச் சரத்தைக் காட்டி விளக்குவாள். இன்சுலின் என்பது ஒரு புரதம். ஐம்பத்தொரு மணி கோத்த சரம். அது தானாகவே மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். அந்த வடிவம்தான் மருந்து. சூடு ஏறினால் மடிப்பு அவிழும், அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு எதற்கும் உதவாது.

"வெந்த முட்டையத் திரும்பப் பச்சையாக்க முடியுமாலே? அது மாதிரி" என்பாள்.

"அப்போ நீ வேகாத முட்டை பண்ணப் போற" என்பான் சதீஷ். "எந்தக் கோழி போடும்க்கா அத?"

வேகாத முட்டையைத்தான் பண்ணினாள். எந்த இடத்தில் எந்த மணியை மாற்றினால் மடிப்பு இறுகும் என்று கம்ப்யூட்டரில் வடிவம் வரைந்து, அதைக் கிருமிகளுக்குள் வளர்த்து, எடுத்துச் சோதித்து, தூக்கிப் போட்டு, மறுபடி வரைந்து, நானூறுக்கு மேல் மாற்றிப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழாவது நின்றது. மூன்றே மூன்று மணிதான் மாற்றம்.

ஆய்வுக்கூடத்தின் சூட்டு அறைகள் சொன்னது அவளுக்குப் போதவில்லை. நிஜ வெயிலில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருமாட்டிக்குப் போனாள். ஏப்ரலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர். தென்னந்தோப்புக்காரி வள்ளியாத்தாளிடம் கேட்டு, தகரம் போட்ட மோட்டார் கொட்டகையில் குப்பிப் பெட்டிகளை வைத்தாள்.

"ஏனுங் அம்மிணி, மருந்தைப் போயி வத்தலாட்டம் காயப்போடறீங்களே" என்று வள்ளியாத்தாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"காயுதான்னு பாக்கத்தாங்க வச்சிருக்கேன்."

"இந்தக் கொட்டாயில ரெண்டு நாள் படுத்தா எம்பட ஊட்டுக்காரரே கெட்டுப் போயிருவாருங்க. உங்க தண்ணி எங்க தாங்கும்?"

தாங்கியது. இரண்டு கோடை அந்தத் தகரத்துக்குக் கீழே கிடந்த குப்பியை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால், நேற்றுச் செய்ததுபோல் இருந்தது. மோனிஷா வள்ளியாத்தாளுக்குப் போன் போட்டு, எடுத்ததுமே அழுதாள். எதிர்முனையில் அந்த அம்மாள், "என்னங் அம்மிணி, ஊட்டுல ஏதாச்சுங்களா?" என்று பதறிவிட்டாள்.

உறையவைத்தும் பார்த்தார்கள்; அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா இன்சுலினையும்போல இதுவும் உறைந்தால் கெட்டது. 'உறைய விடாதீர்கள்' என்று மருந்தோடு வரும் தாளில் எட்டாம் பக்கத்தில் எழுதினார்கள். அதைப்பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பேச்செல்லாம் வெயிலைப் பற்றித்தான். பெட்டியின் மேலே பெரிய எழுத்தில் என்ன போடுவது என்று கூட்டம் கூடியபோது, மோனிஷாவே கேட்டு வாங்கிப் போட்ட வரி இது: 'குளிர்பெட்டி தேவையில்லை. எங்கும் எடுத்துச் செல்லலாம்.'

மனிதர்களிடம் வருஷக்கணக்கில் சோதித்து, அனுமதி வாங்கி, கடைசியில் ஓர் ஆகஸ்ட் மாதம் மருந்து கடைக்கு வந்தது. முதல் மூன்று பெட்டிகள் லயத்துக்குப் பார்சலில் போயின. சதீஷ் அப்போது சொந்தமாக ஜீப் வைத்துச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். வீடியோ காலில் பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினான்.

"அக்கா, ஜீப்புலயே வச்சுக்கலாமா? ஊசி போட வீட்டுக்கு ஓடி ஓடி வரவேண்டியிருக்கு."

"வச்சுக்கோலே. எங்க வேணாலும் வை."

பின்னால் இருந்து மூக்கம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. "ஏட்டி, அரிசிக்குள்ள வைக்க வேணாமா?"

மோனிஷா சிரித்தாள். எவ்வளவு சந்தோஷமான சிரிப்பு அது! "இனிமே அரிசியச் சோறாக்க மட்டும் வச்சுக்கோம்மா."

மூக்கம்மாள் காலுறையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்தாள். குப்பி ஜீப்பின் முன்பெட்டிக்குப் போயிற்று. ஏறுகிறவர்களிடமெல்லாம் சதீஷ் அதை எடுத்துக் காட்டுவான். "எங்க அக்கா பண்ணினது சாரே. ஃப்ரிட்ஜ் வேண்டா. தீயில போட்டாலும் கெடாது."

"எந்தா, அக்கா டாக்டரா?" என்பார் மலையாளச் சுற்றுலாக்காரர்.

"டாக்டர் எழுதித்தான குடுப்பாரு? எங்க அக்கா மருந்தையே பண்ணும்."

பழைய மருந்து இருந்த காலத்தில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரை ஏறினால் முதல் சந்தேகம் குப்பியின்மேல்தான். திருநெல்வேலி கற்றுக்கொடுத்தது அது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். மனசுக்குச் சரியாகப் படவில்லையென்றால் கொட்டிவிட்டுப் புதிதைப் பிரிப்பான். அக்கா மருந்து வந்த பிறகு அந்த வழக்கம் நின்றது. அதைச் சந்தேகப்படுவது அக்காவைச் சந்தேகப்படுவது மாதிரி.

ஜனவரி வந்தது. அந்த வருஷம் பனி கடுமை. சைபருக்குக் கீழே மூன்று டிகிரி. பனியைப் பார்க்கவென்றே கூட்டம் மலையேறியது. ஜீப் லயத்துக்கு மேலே திறந்த வெளியில் நிற்கும். விடிவதற்குள் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு அவன் கிளம்புவான். குப்பி முன்பெட்டியில் கிடந்தது. இரவில் உறைந்திருக்கும், பகலில் இளகியிருக்கும். மறுநாளும் அப்படியே. யார் பார்த்தார்கள்?

பொங்கலுக்கு மறுநாள் அவனுக்கு வாந்தி. சர்க்கரை பார்க்கும் மெஷின் எண் காட்டாமல், அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டான்.

"சக்கரப் பொங்கல் தின்னியாலே?" என்றாள் மோனிஷா.

"ஒரு கரண்டிதான்க்கா. அம்மா மொகத்துக்காக."

"ஒரு கரண்டியா, ஒரு சட்டியா?"

"சத்தியமா ஒரு கரண்டி." அவன் சிரிக்கப் பார்த்தான், மூச்சு வாங்கியது.

"சரி, ஊசி விடாமப் போட்டியா?"

"போட்டேன்."

"நாலு யூனிட் கூடப் போடு. தண்ணி நெறையக் குடி. காலையில எறங்கிரும்."

அவன் போட்டான். ஜீப்பின் முன்பெட்டியில் இருந்த அதே குப்பியிலிருந்து நாலு யூனிட் கூடப் போட்டான். மறுபடியும் ஒரு ஆறு யூனிட். வீட்டு அலமாரியில் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது, என் தங்கங்களே. கை நீட்டினால் எட்டும் தூரம். அதைப் பிரி என்று சொல்ல அக்காவுக்குத் தோன்றவில்லை, பிரிக்கத் தம்பிக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் அந்த மருந்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

விடியும்போது அவனுக்கு நினைவு தப்பியது. பக்கத்து வீட்டுப் பெரியமுத்து அவனைத் தன் ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினார். மூக்கம்மாள் மகன் தலையை மடியில் வைத்திருந்தாள். மூணாறு டவுன் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் வளைவில், "வண்டிய மெதுவா ஓட்டுங்கண்ணே, இனி அவசரமில்ல" என்றாள்.

மோனிஷா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி முகத்தைக்கூடக் கொஞ்ச நேரம்தான் பார்க்கக் கிடைத்தது.

மருந்து போட்டுக்கொண்டவர் யார் இறந்தாலும் கம்பெனி விசாரிக்க வேண்டும் என்று விதி. ஒரு வாரம் கழித்து ஒருவர் லயத்துக்கே வந்தார். குப்பியைக் கேட்டார்.

"தூக்கிப் போட்டுட்டோம் சார்" என்றாள் மூக்கம்மாள். "மருந்து மேல பழி இல்ல. நாந்தான் பொங்கலக் குடுத்தேன். மூணு கரண்டி. வேணாம் வேணாம்னான். நல்ல நாளும் அதுவுமா தின்னுலேன்னு வாயில திணிச்சேன்."

லயத்துக்கும் அதையேதான் சொன்னாள். நீர்க்குழாயடியில், கொழுந்துக் காட்டில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். சனங்கள் சும்மா இருப்பார்களா? தாய்க்காரி இனிப்புக் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று பேச்சு எஸ்டேட் முழுக்கப் பரவியது.

பெங்களூரில் மோனிஷாவின் மேலதிகாரி ஜோமோன் விசாரணைக் கோப்பை அவளிடம் காட்டினார். 'காரணம்: உணவில் கட்டுப்பாடு மீறியது. குப்பி கிடைக்கவில்லை. மருந்தில் குறை இல்லை.'

"வருத்தம் உண்டு மோனிஷா. ஆனா ஒரு ஆறுதல், மருந்து மேல ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல மனிதர்தான், ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

அவளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒழுங்காக ஊசி போடுகிற முப்பத்திரண்டு வயது மனிதன் மூன்று கரண்டிப் பொங்கலில் சாக மாட்டான். தவிர, அவன் சத்தியம் பண்ணிச் சொன்னது ஒரு கரண்டி. ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, ஒரு பையன் தள்ளுவண்டியில் வாங்கிய ஐஸை உடைத்துத் தின்பதைப் பார்த்தாள். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. ஜீப்புலயே வச்சுக்கலாமா அக்கா? பெருமாட்டியில் இரண்டு கோடை உட்கார்ந்தவள், பிறந்த ஊரின் ஒரு ஜனவரியை நினைக்கவில்லை. எட்டாம் பக்கத்தை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். நீ கொல்லவில்லை அம்மா, உன் கை கொல்லவில்லை என்று. அதைச் சொல்ல வேண்டுமானால், பிறகு எது கொன்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்தாள். உறவுக்காரர்களுக்குச் சோறாக்க வேண்டும். அம்மா வெளியே விறகு எடுத்துக்கொண்டிருந்தாள். மோனிஷா டிரம்மைத் திறந்து, பழைய பழக்கத்தில் கையை மெதுவாக விட்டாள். மெதுவாக விட இனி என்ன இருக்கிறது என்று நினைத்தபோதே, விரலில் துணி தட்டுப்பட்டது.

காலுறை. உள்ளே குப்பி. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திரிந்த பால்போல வெள்ளைத் துணுக்குகள் உள்ளே மிதந்தன.

விறகைக் கீழே போடும் சத்தம் கேட்டது. மூக்கம்மாள் வாசலில் நின்றாள்.

"கண்டுட்டியா" என்றாள்.

"தூக்கிப் போட்டேன்னு சொன்னியேம்மா."

"அன்னிக்கு அவன எறக்கினதும் அவன் ஜீப்பத் தொறந்து எடுத்துட்டேன். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. பனி பட்ட சாமான எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் இந்தப் பனியில கை வச்சவ."

"அப்போ பொங்கல்?"

"ஒரு கரண்டிதான் வச்சேன். அதுலயும் பாதிய என் வாயில ஊட்டிட்டான், கள்ளன்."

"பின்ன ஏம்மா ஊரெல்லாம் அப்படிச் சொன்ன?"

"என்னன்னு சொல்லச் சொல்லுத? அக்கா பண்ணின மருந்து தம்பிய வாங்கிருச்சுன்னா? இந்த லயத்து வாய் ஒன்ன விட்டுவைக்குமா? எனக்கு இன்னும் எத்தன வருஷம் கெடக்கு? எம்மேல போட்டா எங்கூட போயிரும். ஒனக்கு அப்படியா?"

மோனிஷா தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தாம்மா சொன்னேன், அரிசிக்குள்ள வேணாம்னு. கூட நாலு யூனிட் போடச் சொன்னதும் நாந்தான்."

"சொன்ன. நானும் பனிய நெனச்சுத்தான் கேட்டேன். படிச்ச புள்ள சொல்லுது, புது மருந்தப் பனியும் ஒண்ணும் பண்ணாது போலன்னு விட்டுட்டேன்." மூக்கம்மாள் மகளின் தலையில் ஒட்டியிருந்த ஓர் அரிசியை எடுத்துத் திரும்ப டிரம்மில் போட்டாள். "அழாத. சோத்துக்கு உலை காயுது."

உறவெல்லாம் போன பிறகு மோனிஷா குப்பியைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"கம்பெனிக்குக் கொண்டுபோகணும். பெட்டி மேலயே பெருசா எழுதணும்மா, பனியில வைக்காதீங்கன்னு. இன்னும் எத்தன மலை இருக்கு, எத்தன புள்ளைங்க போடுது."

"ஒன் வேலை?"

"தெரியல."

மூக்கம்மாள் குப்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதில்தான் அவள் மகனின் கடைசி மருந்து, மகளின் பேர் எல்லாம் இருந்தது. பிறகு காலுறையைச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, மகள் கையில் வைத்தாள். "கொண்டுபோ. ஆனா இங்க யாரும் கேட்டா நான் பொங்கல்னுதான் சொல்லுவேன். அத நீ மாத்தக் கூடாது."

மோனிஷா குப்பியைக் கொண்டுபோய் ஜோமோனின் மேசைமேல் வைத்தாள். 'எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற வரியைக் கேட்டுப் போட்டவள் நான். இறந்தவர் என் தம்பி. அதே மருந்தைக் கூடப் போடச் சொன்னதும் நான்' என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கோப்பைத் திரும்பத் திறந்தார்கள். பெட்டியிலிருந்து அந்த வரி போய், சிவப்பில் வேறு வரி வந்தது. மோனிஷாவை அந்த மருந்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வேறு ஏதோ புரதத்தைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். இனி எதையும் வடிவமைக்கக் கேட்பதில்லை.

அடுத்த பொங்கலுக்கு லயத்துக்கு வந்தாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பொங்கல் வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரியமுத்துவின் மனைவி ஒரு கிண்ணத்தைத் தட்டால் மூடிக்கொண்டு வந்தாள்.

"உப்புப் பொங்கல்தான் கொண்டாந்தேன் மதினி. இனிப்பப் பாத்தா ஒனக்கு மனசு தாங்காதேன்னு." குரலைத் தாழ்த்தி மோனிஷாவைப் பார்த்தாள். "நீ அவ்வளவு பாடுபட்டு மருந்து பண்ணிக் குடுத்தும், பாரு, அம்மா கை சும்மா இருக்கல. என்ன செய்ய?"

மோனிஷா வாயைத் திறந்தாள்.

வாங்கிய கிண்ணத்துக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், மூக்கம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து ஒடித்துக் காய்த்த விரல்கள், இறுக்கமாக.

"ஆமா மதினி" என்றாள் மூக்கம்மாள். "என் கைதான் கேக்கல."

கிண்ணம் கொடுத்தவள் படியிறங்கி, தன் வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தும்வரை அந்தப் பிடி தளரவில்லை.